புத்தாண்டு உறுதியும் மார்கழி நோன்பும்

ஆண்டு பிறக்கும் நாளில் நல்லுறுதி மேற்கொள்ளுதல் உலகில் பல நாட்டாரிடமும் காணப்படும் வழக்கமாகும். "இன்று முதல் வைகறையில் எழுவேன், நாள்தோறும் நடப்பேன், இனிப்பைக் குறைப்பேன், புகையை விடுவேன்" என்று புதிய நாட்குறிப்பின் முதல் ஏட்டில் அழகிய கையெழுத்தில் எழுதி வைப்போர் பலர். அதே நாட்குறிப்பைப் பங்குனி மாதத்தில் புரட்டிப் பார்த்தால், முதற் சில ஏடுகளுக்குப் பின்னர் எழுத்து மெலிந்து, பிறகு தாள்கள் வெறுமையாகக் கிடக்கும். இத்தகையோருக்கு நம் மக்கள் 'ஆரம்ப சூரர்' என்று ஒரு பெயர் சூட்டியிருக்கின்றனர். இப்பெயர் பழமையானது என்பதை எண்ணும்போது, இக்குறை இக்காலத்து இளைஞருக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

இதனை அளந்து பார்த்தோரும் உண்டு. ஜான் நார்கிராஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றிய ஒருவரும், புத்தாண்டு உறுதி எடுத்துக்கொண்ட 200 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவ்வாராய்ச்சி 1988இல் வெளிவந்தது. முதல் வாரம் முடிந்தபோது நூற்றுக்கு 77 பேர் தம் உறுதியில் நின்றனர். இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது எஞ்சி நின்றோர் நூற்றுக்கு 19 பேரே. இக்கணக்கைக் கேட்டவுடன் நாம் நகைக்கின்றோம். ஆயினும் அந்தப் பத்தொன்பதின்மர் நம் கவனத்திற்கு உரியவர். பிறர் தளர்ந்த இடத்தில் அவர்கள் எவ்வாறு தளராது நின்றனர்? இக்கேள்விக்கு உளநூலார் ஒரு வகையில் விடை கூறுவர். பல்லாண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில், வரலாறு இதற்கு என்ன விடை கூறுகின்றது என்பதை மாணவர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் மேலை நாட்டைப் பார்ப்போம். இன்று நாம் கொண்டாடும் சனவரி முதல் நாள் உரோமர் நமக்கு அளித்த நாளாகும். உரோமக் குடியரசில் ஆட்சித் தலைவர் இருவர் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். கி.மு. 153 முதல் அவர்கள் சனவரித் திங்கள் முதல் நாளில் பதவி ஏற்றனர். பின்னர் சூலியஸ் சீசர் திருத்தியமைத்த நாட்காட்டி கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்தது. முன்னும் பின்னும் நோக்கும் இருமுகம் கொண்ட சானஸ் என்னும் தெய்வத்தின் பெயரே அத்திங்களுக்கு அமைந்தது. பதவியேற்ற நாளில் புதிய ஆட்சித் தலைவர் கோயிலுக்குச் சென்று, நாட்டின் நலத்திற்காக நேர்த்தி செய்துகொள்வர். அந்நேர்த்தியில் அவர்கள் வழங்கிய 'சாலூஸ்' என்னும் இலத்தீனச் சொல்லுக்கு உடல்நலம், பாதுகாப்பு ஆகிய இரு பொருளும் உண்டு. ஆகவே புத்தாண்டு உறுதிக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

உரோமர் வழக்கத்தில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புதிய நேர்த்தியைச் செய்வதற்கு முன்னர், சென்ற ஆண்டு செய்த நேர்த்திக்கடனை அவர்கள் தீர்க்க வேண்டும். பழைய கணக்கை முடித்துவிட்டே புதுக் கணக்கைத் தொடங்கினர். இன்று நாம் எடுக்கும் உறுதிகளில் இல்லாதது இதுவே. சென்ற ஆண்டு சொன்னதை இவ்வாண்டு யாரும் நம்மிடம் கேட்பதில்லை; நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சனவரி முதல் நாள் நமக்கு எத்திங்களில் வருகின்றது? மார்கழியின் நடுவில் வருகின்றது. ஆங்கில ஆண்டு தமிழகத்தில் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அம்மார்கழி நம் மக்களின் நோன்புத் திங்களாக விளங்கியது. தை பிறக்கும் முன்னர் உடலையும் உள்ளத்தையும் ஒழுங்கு செய்துகொள்ளும் காலம் அது. வையை ஆற்றில் இளமகளிர் ஆடிய தைந்நீராடலைப் பரிபாடல் பேசுகின்றது. அதன் வழிவந்த பாவை நோன்பை ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் நமக்குக் காட்டுகின்றன. மார்கழி வைகறையில் வானொலியைத் திறந்தோர் இப்பாடல்களைக் கேட்டிருப்பர்.

திருப்பாவையைப் பத்தி நூலாகப் போற்றுவோர் பலர். அதனை ஒரு வரலாற்று மாணவனின் கண்கொண்டு நோக்கினால், நல்வாழ்வுப் பழக்கத்தை மேற்கொள்ளும் முறை ஒன்று அதில் தெளிவாக அமைந்திருப்பதைக் காணலாம். அந்நோன்பில் செய்ய வேண்டியவை எவை, விலக்க வேண்டியவை எவை என்பன இரண்டாம் பாசுரத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப் பெற்றுள்ளன. விடியற்காலையில் நீராட வேண்டும். நெய்யும் பாலும் விலக்க வேண்டும். மையும் மலரும் சூடலாகாது. பிறர்மீது கோள் சொல்லலாகாது. இயன்ற அளவு ஈதல் வேண்டும். "நல்லவளாக இருப்பேன்" என்ற பொதுவான உறுதி அங்கு இல்லை. ஒவ்வொன்றும் இன்று செய்தோமா, செய்யவில்லையா என்று மாலையில் கணக்கிட்டுப் பார்க்கக் கூடியதாக அமைந்துள்ளது.

அடுத்து, அந்நோன்புக்கு எல்லை உண்டு. திங்கள் ஒன்று முடிந்தால் நோன்பும் முடியும். முப்பது பாடல்களில் இருபத்தேழாம் பாடலில் விலக்கி வைத்த நெய்யும் பாலும் நிறைந்த விருந்து வருகின்றது. அதுவும் தனித்து உண்ணும் விருந்தன்று. எல்லோரும் கூடியிருந்து உண்ணும் விருந்து. வாழ்நாள் முழுதும் இனிப்பைத் தொடேன் என்று சூளுரைப்பவன் மூன்றாம் நாளில் தோற்பதற்கும், முப்பது நாள் என்று வரையறுத்தவன் வெல்வதற்கும் காரணம் இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது சிறப்பே எல்லாவற்றிலும் பெரியது. அந்நோன்பு தனி ஒருத்தியின் நோன்பன்று. திருப்பாவையில் நடுவிலுள்ள பத்துப் பாடல்கள், உறங்கிக் கிடக்கும் தோழியரை வீடு வீடாகச் சென்று எழுப்பும் பாடல்களே. ஒருத்தி உறங்கிவிட்டால் மற்றவர் அவள் வாயிலில் வந்து நிற்பர், கேலி பேசுவர், அவள் எழுந்து வரும்வரை போகமாட்டார்கள். மார்கழிக் குளிரில் வைகறை நீராட்டுக்குத் தனியே எழுந்து செல்வது எவ்வளவு கடினம் என்பதை அந்நாளைய பெரியோர் அறிந்திருந்தனர். ஆகையால் மனவுறுதியை மட்டும் நம்பாமல், துணையை நம்பினர். அளவிடக்கூடிய சிறு செயல், குறித்த கால எல்லை, கூடி நிற்கும் துணை ஆகிய இம்மூன்றும் ஓர் உறுதியை நோன்பாக்குகின்றன. இவற்றில் துணையே தலையாயது என்பதை நான் மேலே கூறப்போகும் வரலாறும் மெய்ப்பிக்கும்.

எங்கள் ஊராகிய எம்.ரெட்டியபட்டி, அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் உரிய மானாவாரி நிலத்தில் உள்ளது. 1985 மார்ச்சு 15இல் புதிய மாவட்டம் பிரிக்கப்படும் வரையில் இது பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கரிசல் மண், வானத்தைப் பார்த்து விதைக்கும் உழவு, கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவையே விளைபொருள். நான் சிறுவனாயிருந்த 1960களில் எங்கள் வீடுகளில் நாள்தோறும் உண்ட உணவு கம்பஞ்சோறும் சோளச்சோறும் கேப்பைக் கூழும் ஆகும். இரவில் ஆக்கிய சோற்றை உருண்டையாக்கி நீரில் இட்டு வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்து உண்டு காட்டுக்குப் போவர். வெஞ்சனம் என்பது ஒரு துவையலோ மோர் மிளகாயோ ஆகும். நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவினர் வருகைக்கும் உரியது. எங்கு செல்வதானாலும் கால்நடையே. பெண்கள் உரலில் கம்பு குத்தினர். ஊருணியிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்தனர்.

இதனைக் கேட்டவுடன், "ஆகா, அது பொற்காலம், அக்கால மக்கள் நோயின்றி வாழ்ந்தனர்" என்று சிலர் கூறத் தொடங்குவர். வரலாறு கற்ற மாணவர் அவ்வாறு கூறலாகாது. இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் இந்நாட்டு மக்களின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை முதியோர் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தனர். வாந்திபேதியும் அம்மையும் ஊர்களைக் காலி செய்தன. கம்பு உண்டவர் அதனை நலம் கருதித் தேர்ந்து உண்டவர் அல்லர்; வேறு இல்லாமையால் உண்டவர். நடந்தவர் உடற்பயிற்சிக்காக நடந்தவர் அல்லர். வண்டி இல்லாமையால் நடந்தவர். வறுமை கற்பித்த பழக்கத்தை நோன்பு என்று சொல்லுதல் பொருந்தாது. விலக்கக்கூடிய வாய்ப்பு உள்ளவன் விலக்குவதே நோன்பு. ஆகவே உண்மையான நோன்பின் காலம் எங்கள் மண்ணுக்கு இப்பொழுதுதான் வந்திருக்கின்றது.

பழக்கத்தை மாற்றி நலம் பெற்ற வரலாறு ஒன்று வறண்ட நிலத்து மக்களுக்கு உண்டு. அதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். நரம்புச் சிலந்தி என்ற நோயை இன்றைய மாணவர் கண்டதில்லை. குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் வாழும் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சிகள் சிலவற்றினுள் இந்நோய்ப் புழுவின் குஞ்சு தங்கியிருக்கும். அந்நீரைப் பருகியவர் உடலில் அது ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, மூன்றடி நீள நூல் போன்ற புழுவாகிக் காலில் கொப்புளமாக வெடித்துத் தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் நோயாளர் காலை நீரில் வைப்பர். அக்கணமே ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அந்நீரில் பரவும். ஊர் முழுதும் அதையே பருகும். புழுவை ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பர். அறுவடைக் காலத்தில் உழவன் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பான்.

இந்நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. இன்றளவும் இல்லை. எனினும் இந்நாட்டிலிருந்து அது ஒழிந்தது. எவ்வாறு ஒழிந்தது? குடிநீரைத் துணியிட்டு வடிகட்டுதல், புண்ணுள்ளவர் குடிநீர் நிலையில் இறங்காதிருத்தல், படிக்கிணறுகளைத் திருத்துதல், அடிகுழாய் அமைத்தல், நீர்ப்பூச்சியை அழிக்கும் மருந்தை நீர்நிலையில் இடுதல் ஆகிய எளிய வழிகளால் ஒழிந்தது. 1983-84இல் நடுவண் அரசு ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1984இல் நாடெங்கும் ஏறத்தாழ 40,000 நோயாளர் கணக்கெடுக்கப் பெற்றனர். தமிழ்நாடு 1980களின் தொடக்கத்திலேயே இந்நோயினின்று விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளர் 1996 சூலையில் இராசத்தான் மாநிலத்துச் சோத்பூர் மாவட்டத்தில் காணப்பட்டார். 2000 பிப்ரவரியில் உலக நலவாழ்வு அமைப்பு, இந்தியா இந்நோயற்ற நாடு என்று சான்றளித்தது.

இவ்வரலாற்றின் உட்பொருளைச் சிந்தியுங்கள். ஒரு வீட்டார் மட்டும் நீரை வடிகட்டினால் அவ்வீட்டார் தப்புவர்; ஊரில் நோய் நிற்காது. புண்ணுள்ள ஒருவர் ஊருணியில் கால் வைத்தால் போதும், அடுத்த ஆண்டு பலர் வீழ்வர். ஆகவே அனைவரும் ஒரே பழக்கத்தை ஒரே காலத்தில் மேற்கொள்ள வேண்டியதாயிற்று. எழுத்தறியாத மூதாட்டியும் குடத்தின் வாயில் துணி கட்டினாள். பக்கத்து வீட்டாள் கட்டியதைக் கண்டு கட்டினாள். கட்டாதவளைத் தண்ணீர்த் துறையில் மற்றவர்கள் கேட்டனர். திருப்பாவையில் தோழியர் செய்த வேலையை இங்கு ஊர் செய்தது.

நரம்புச் சிலந்தி போயிற்று. பசியும் படிப்படியாகப் போயிற்று. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் தொடங்கியது. 2008இல் நியாய விலைக் கடைகளில் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகின்றது. விழா நாளுக்கு உரியதாயிருந்த நெல்லுச்சோறு எங்கள் கரிசல் வீடுகளில் மூன்று வேளை உணவாயிற்று. இதனைக் குறைகூறுவது நன்றியறியாச் செயலாகும். பசித்த வயிற்றின் துன்பத்தைக் கண்டவர் அரிசியின் வரவைப் பழிக்கமாட்டார். ஆனால் ஒரு துன்பம் நீங்கிய இடத்தில் மற்றொரு துன்பம் வந்து அமர்ந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து, 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10.1 கோடிப் பேர். அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடிப் பேர். முன்பு நகரத்துச் செல்வர் நோய் எனப்பட்ட அது இன்று சிற்றூர்களிலும் வாழ்கின்றது. என்னிடம் பயின்று, ஓட்டப் பந்தயத்தில் முன் நின்ற மாணவர் சிலர், நாற்பது வயதிலேயே உணவுக்கு முன் மாத்திரை விழுங்குவதை நான் காண்கின்றேன். கண்ணொளி மங்குதலும் சிறுநீரகம் கெடுதலும் இந்நோயின் பின்விளைவுகள். உழைத்து உண்ணும் குடும்பத்தில் ஒருவர் இவ்வாறு சாய்ந்தால், பிள்ளைகளின் படிப்பும் அதனோடு சாயும்.

இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்னுணர்ந்து எச்சரித்தோர் நம் நாட்டில் இருந்தனர். 1918இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக் கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. ஆலையில் தீட்டிய அரிசியையே பெரிதும் உண்ட எலிகள் மெலிந்து நோயுற்றன. அரிசியைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்கும்போது, உயிர்ச்சத்து நிறைந்த தவிடு போய்விடுகின்றது என்பதே காரணம். அக்குன்னூர் ஆய்வகமே 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயருடன் விளங்குகின்றது.

ஆய்வகத்தில் கண்ட உண்மையை ஊர்ப்புறத்து அடுக்களைக்குக் கொண்டுசெல்ல முயன்றவர் தமிழர் ஒருவர். 1892 சனவரி 4இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா, மேல்நாட்டில் பயின்று பம்பாயில் கணக்காய்வாளராகப் பணியாற்றியவர். காந்தியடிகளைச் சந்தித்தபின் அவர் வாழ்வு மாறியது. 1934 இறுதியில் வார்தாவில் அமைந்த அனைத்திந்திய கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராகிய அவர், கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், வெல்லம், கைத்திரிகை மாவு ஆகியவற்றை நாட்டு மக்களிடையே பரப்பினார். தம் வாழ்நாளின் பிற்பகுதியில் எங்கள் பகுதிக்கு வடமேற்கேயுள்ள தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வந்து தங்கினார். 1960 சனவரி 30இல் மறைந்தார். அண்ணல் மறைந்த அதே நாள் அது.

குமரப்பா செய்த பணியின் நுட்பத்தை மாணவர் உணர வேண்டும். "தீட்டிய அரிசியை உண்ணாதே" என்று தனி மனிதனுக்கு அறிவுரை சொல்வதோடு அவர் நிற்கவில்லை. தீட்டாத அரிசி ஊரில் கிடைக்க வேண்டுமானால், அதனைக் குத்துவோர் வேண்டும். நல்ல திரிகை வேண்டும். குத்துவோருக்குக் கூலி வேண்டும். விற்கும் கடை வேண்டும் என்று அவர் கண்டார். கிடைக்காத பொருளை உண்ணுமாறு உறுதி எடுப்பது வீண். கடையில் கண்ணெதிரே நல்லது இருந்தால், கை தானே அதை எடுக்கும். ஐக்கிய நாடுகள் அவை இந்தியாவின் வேண்டுகோளை ஏற்று 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. எனினும் எங்கள் மண்ணில் விளையும் குதிரைவாலி, நகரத்துக் கடைகளில் அழகிய பையில் அரிசியைவிட மிகுந்த விலைக்கு விற்கப்படும்வரை, எங்கள் கூலித் தொழிலாளியின் வட்டிலில் அது திரும்ப வராது. குமரப்பாவின் பாடம் இன்னும் முடியவில்லை.

உணவைப் பற்றிக் கூறினேன். நடையைப் பற்றியும் கூற வேண்டும். 1953இல் செரி மோரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஓர் அரிய ஆராய்ச்சியை வெளியிட்டார். இலண்டன் மாநகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில் பணியாற்றினர். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கினார். நடத்துநரிடையே மாரடைப்புக் குறைவாகவும், அதனால் நேரும் திடீர்ச் சாவு மிகக் குறைவாகவும் இருப்பதை மோரிஸ் கண்டார். உடலை அசைப்பது உயிரைக் காக்கும் என்பதற்கு அறிவியல் தந்த தொடக்கச் சான்றுகளில் இது தலைசிறந்தது. அந்நடத்துநர் யாரும் புத்தாண்டு உறுதி எடுத்துப் படியேறியவர் அல்லர் என்பதைக் கவனியுங்கள். அவர்தம் நாளின் அமைப்பிலேயே படிகள் இருந்தன.

ஊரே கூடி உறுதி எடுத்தால் என்ன விளையும் என்பதற்கு வடநாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்னும் பகுதி உள்ளது. காடும் ஏரியும் நிறைந்த அவ்வுழவர் நாட்டில், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடு வயது ஆடவர் பலர் மாரடைப்பால் மாண்டனர். வெண்ணெயும் கொழுப்பும் உப்பும் புகையும் காரணமாயின. அம்மக்களே அரசுக்கு முறையிட்டனர். 1972இல் தொடங்கிய திட்டத்தின் தலைவராக இளம் மருத்துவர் பெக்கா புஸ்கா அமர்ந்தார். அவர் தனித்தனி நோயாளரை அழைத்து அறிவுரை கூறுவதோடு நில்லாமல், ஊர்தோறும் இருந்த இல்லத்தரசியர் சங்கத்தின் துணையை நாடினார். அப்பெண்கள் ஊர்க் கூட்டங்களில் பழைய உணவையே கொழுப்புக் குறைத்துச் சமைத்துக் காட்டினர். கடைகளில் புதிய பண்டங்கள் வந்தன. பால்மாட்டை நம்பியிருந்த உழவர் சிலர் பழச் செடி வளர்ப்புக்கு மாறினர். நாற்பது ஆண்டுகளில் அப்பகுதியில் உழைக்கும் வயது ஆடவரிடையே இதய நோய்ச் சாவு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது.

நரம்புச் சிலந்தி ஒழிந்ததும் வட கரேலியா மீண்டதும் ஒரே உண்மையை நமக்கு உரைக்கின்றன. தனியொருவன் மனவுறுதி அகல் விளக்கின் சுடர் போன்றது. காற்று வீசினால் அணையும். வீடும் வகுப்பும் ஊரும் அதனைச் சூழ்ந்து நின்றால் அது நின்று எரியும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டதும் இக்கருத்தை ஒட்டியதே. நடக்க ஓர் இடமும் உடன் நடக்கப் பலரும் இருந்தால் கால் தானே எழும்.

மாணவர்களே, வரும் புத்தாண்டில் நீங்கள் உறுதி எடுப்பீர்கள். எடுக்க வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். அதனை உறுதியாக விட்டுவிடாமல் நோன்பாக ஆக்கிக்கொள்ளுங்கள் என்றே கூறுவேன். முதலாவதாக, சிறிய செயல் ஒன்றைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். "உடல்நலம் பேணுவேன்" என்பது எவரும் அளக்க முடியாத சொல். "காலையில் பிஸ்கட்டும் தேநீருமாக வயிற்றை அடைக்காமல் கூழோ பயறோ உண்பேன், பள்ளிக்கு நடந்து செல்வேன், இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பேன்" என்பன அளக்கத்தக்க சொற்கள். இவற்றுள் ஒன்று போதும்.

இரண்டாவதாக, எல்லை குறியுங்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், ஒரு புதிய செயல் முயற்சியின்றித் தானே நிகழும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதுமாயின. சிலருக்கு 200 நாட்களுக்கு மேலும் தேவைப்பட்டன. இடையில் ஒரு நாள் தவறியதால் பெருங்கேடு விளையவில்லை என்பதும் அவ்வாராய்ச்சியின் முடிவு. சனவரி முதல் நாளில் தொடங்கினால் 66ஆம் நாள் மார்ச்சு முதல் வாரத்தின் இறுதியில் முடியும். உங்கள் பொதுத்தேர்வுக் காலம் அது. தெளிந்த உடலும் நல்லுறக்கமும் உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வேளையில், அப்பழக்கம் கைவந்திருக்கும்.

மூன்றாவதாக, துணை தேடுங்கள். உங்கள் தெருவில் இருவரையோ மூவரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழாவிடில் மற்றவர் கதவைத் தட்டட்டும். வீட்டில் உங்கள் தாயாரிடமும் தகப்பனாரிடமும் கூறுங்கள்; அவர்களையும் உடன் அழையுங்கள். நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் தந்தையாரை மாலையில் கை பிடித்து நடக்க அழைத்துச் செல்லும் மகன், மருத்துவரால் இயலாத ஒன்றைச் செய்கின்றான். உரோமர் செய்ததுபோல, ஆண்டு முடியும்போது பழைய கணக்கை எடுத்துப் பாருங்கள். தவறிய நாட்களை எண்ணி வருந்த வேண்டுவதில்லை. நின்ற நாட்களை எண்ணுங்கள்.

எங்கள் கரிசல் நிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழை பெய்தவுடன் எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பர். ஒருவர் மட்டும் தனியே முந்தி விதைத்தால் பறவைகள் அவர் காட்டையே கூடி அழிக்கும். பிந்தி விதைத்தால் பூச்சிகள் அங்கு வந்து தங்கும். ஊர் சேர்ந்து விதைத்தால் எல்லார் காட்டிலும் விளையும். உடல்நலமும் அவ்வாறே விளைவது. மார்கழி வைகறையில் உங்கள் தோழன் வீட்டுக் கதவு இன்னும் மூடியே இருந்தால், சென்று தட்டுங்கள்.